430 மணி நேரம், 41 மார்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண், அக்கவுன்டன்ட் ஆவதற்கான தேர்வில் ஒரு தாளை முதல் முறை எழுதியபோது எடுத்தது 46. இரண்டாவது முறை, ஐந்து மாதம் விடாமல் படித்துவிட்டு எடுத்தது 41. பாஸ் மார்க் 50. ரிசல்ட் வந்த அன்று ராத்திரி எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "அக்கா, எனக்கு மோட்டிவேஷனே இல்லை, இதை விட்டுடலாம்னு இருக்கேன்."

அந்த வரியை நான் முதலில் தப்பாகத்தான் படித்தேன். ஊக்கம் குறைந்ததால் மார்க் குறைந்திருக்கிறது, ஆகவே நாலு நல்ல வார்த்தை சொல்லித் தேற்றினால் எழுந்துவிடுவாள் என்று நினைத்து ஒரு மணி நேரம் போனில் பேசினேன். எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள். மறுநாளும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அடுத்த மூன்று மாதம் அவளோடு உட்கார்ந்ததில் நான் கண்டதை, என் சறுக்கல்கள் உட்பட, இங்கே எழுதுகிறேன். அவள் படித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன், ஆள் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை விட்டுவிட்டேன்.

வயது 27. பகல் முழுக்க ஆடிட் வேலை. தாள், ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங், அதாவது கம்பெனிகளின் கணக்கு அறிக்கை தயாரிப்பது. எந்த அமைப்பின் தேர்வு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, ஏனென்றால் எல்லா இடத்திலும் வலி ஒன்றுதான். பிரிட்டனின் ஏசிசிஏ தேர்வில் தாளுக்கு 50 வேண்டும். அமெரிக்க சிபிஏ-வில் ஒவ்வொரு பிரிவுக்கும் 75, அதுவும் சதவீதம் கிடையாது, 0 முதல் 99 வரை போகும் ஒரு ஸ்கேலில் வருகிற எண். இந்திய சி.ஏ.-வில் தாளுக்குக் குறைந்தது 40 எடுத்து, குரூப் (சில தாள்கள் சேர்ந்த தொகுதி) மொத்தத்தில் 50 சதவீதத்தையும் தொட வேண்டும். எண்கள் மாறினாலும் ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்கு ஒரு மார்க் கீழே நின்றவரும் இருபது மார்க் கீழே நின்றவரும் ஒரே வார்த்தையைத்தான் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வுகளுக்கு வருகிறவர்களில் பல பேர் பள்ளியிலும் கல்லூரியிலும் தோற்றே பழக்கமில்லாதவர்கள். அவளும் அப்படித்தான். வகுப்பில் முதல் மூன்று ரேங்க்கைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 46 வந்தால் "இன்னும் 4 மார்க்" என்று தோன்றுவதில்லை, "நான் யாரென்று நினைத்தேனோ அது நானில்லை" என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை நோட்டு

போனில் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு சனிக்கிழமை நேரில் வரச் சொன்னேன். ஒரு நீல நோட்டு கொண்டுவந்தாள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் படித்தாள் என்று தேதி போட்டு எழுதியிருந்தாள், வாரக் கூட்டல், மாதக் கூட்டல் எல்லாம் சுத்தமாக இருந்தது. மொத்தம் 430 மணி நேரம். இவ்வளவு படித்தும் 41 என்றால் தனக்குத் தலையில் ஏறாது என்றுதானே அர்த்தம், என்று கேட்டாள். கேட்ட விதத்தில் அழுகை இல்லை, கணக்கு போட்டு முடிவுக்கு வந்த தொனி இருந்தது, அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒரு சின்னக் கணக்கை எழுதினேன். தாய் கம்பெனி, துணை கம்பெனியின் 80 சதவீதப் பங்கை 5,20,000-க்கு வாங்குகிறது. வாங்கிய நாளில் துணை கம்பெனியின் நிகரச் சொத்து (கடன் போக மீதி) 5,00,000. ஆண்டு முடிவில் அது 6,00,000. சிறுபான்மைப் பங்கை (மற்றவர்களிடம் இருக்கும் மீதி 20 சதவீதத்தை) விகிதாச்சாரப்படி எடுத்துக்கொள், குட்வில் (நிகரச் சொத்தில் தன் பங்குக்கு மேல் தாய் கம்பெனி கொடுத்த தொகை) எவ்வளவு? புத்தகம் மூடியிருக்கட்டும்.

கன்சாலிடேஷனில், அதாவது தாய், துணை கம்பெனிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்ப்பதில், இதைவிட எளிய கேள்வி கிடையாது. அவள் பேனாவை எடுத்து, 6,00,000-இல் 80 சதவீதம் 4,80,000 என்று எழுதி, 5,20,000-இலிருந்து கழித்து, குட்வில் 40,000 என்று அடிக்கோடு போட்டாள். போட்ட பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தப்பு என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை.

வாங்கிய நாளின் 5,00,000-ஐத்தான் எடுக்க வேண்டும். 80 சதவீதம் 4,00,000, குட்வில் 1,20,000. வாங்கிய பிறகு கூடிய 1,00,000-இல் குழுமத்தின் பங்கான 80,000 ரிசர்வ்ஸுக்குப் (சேர்ந்த லாபக் கணக்குக்கு) போகும். அவளுக்கு இது தெரியாததில்லை. பையிலிருந்து நோட்ஸை எடுத்துக் காட்டினாள்: "வாங்கிய தேதியில் உள்ள நிகரச் சொத்து" என்ற வரி மஞ்சள் ஹைலைட்டரில் இருந்தது, அதன் மேலேயே இன்னொரு முறை பச்சையில். இரண்டு ரிவிஷன், இரண்டு நிறம்.

"புக்கைப் பார்க்காம கடைசியா எப்போ ஒரு கணக்கைப் போட்ட?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "தீர்த்த கணக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான்கா போடுவேன். இல்லைன்னா பயமா இருக்கும்" என்றாள்.

வீட்டில் வைத்திருந்த ரஃப் தாள்களை அப்புறம் எண்ணிப் பார்த்தோம். 430 மணி நேரத்தில், புத்தகத்தை மூடிவைத்து, நேரம் பார்த்து, முழுதாகப் போட்ட கேள்விகள் 19.

என்ன நடந்திருக்கிறது

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே அப்படியே பொருந்தும். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். இதில் என்னைக் கவர்ந்தது வேறொரு விஷயம்: திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகமாக நம்பினார்கள். அதாவது அந்த முறை ஞாபகத்தைத் தராமல் தெம்பை மட்டும் தருகிறது.

அவளுக்கும் அந்த ஐந்து மாதத்தில் மோட்டிவேஷனுக்குக் குறைவே இல்லை. தினமும் படித்தாள், பக்கங்கள் புரண்டன, புரிந்த மாதிரி இருந்தது, நோட்டில் மணி நேரம் ஏறிக்கொண்டே போனது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் 430 மணி நேரத்தையும் சொத்தாகக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், ஒரு நாள்கூட இம்பேர்மென்ட் டெஸ்ட் (சொத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா என்ற சோதனை) செய்யவில்லை. அந்தச் சோதனையைப் பற்றிய கணக்கியல் ஸ்டாண்டர்டான ஐஏஎஸ் 36 படித்தவள்தான்! (இதை அவளிடம் சொன்னபோது அந்த மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள், அதனால்தான் இங்கே போடுகிறேன்.) ரிசல்ட் வந்த நாளில் மொத்தச் சொத்தும் ஒரே அடியில் ரைட் ஆஃப் ஆகிவிட்டது. நல்ல வார்த்தையால் ஈடுகட்டுகிற நஷ்டமில்லை அது.

ஆகவே என் கணிப்பு இது: அவளுக்கு ஆசையும் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. இன்று நான் உட்கார்வதால் ஏதாவது நகர்கிறது என்ற நம்பிக்கைதான் போய்விட்டது. அந்த நம்பிக்கையைப் பேச்சு கொண்டுவராது, நேற்று முடியாத ஒரு கணக்கு இன்று முடிந்தது என்ற சாட்சிதான் கொண்டுவரும். இந்தத் தேர்வின் கொடுமையே, சாட்சி சில மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, அதுவும் இரண்டு இலக்க எண்ணாக மட்டும் வருகிறது. நடுவில் வேறு சாட்சியை நாமே ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் எப்பேர்ப்பட்டவரும் காய்ந்துபோவார்.

என்ன செய்தோம்

நீல நோட்டை மூடினோம். புது நோட்டில் நாலே பத்தி: தேதி, கேள்வி, எத்தனைக்கு எத்தனை, எங்கே தப்பு. மணி நேரம் எழுதக் கூடாது. கடைசிப் பத்தியில் "சில்லி மிஸ்டேக்" என்று எழுதவும் தடை போட்டேன், ஏனென்றால் அந்த வார்த்தைக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். வாங்கிய தேதிக்குப் பதில் ஆண்டு முடிவை எடுத்தேன், டிஃபர்ட் டாக்ஸில் (பின்னாளுக்குத் தள்ளிப்போகும் வரி) டெம்பரரி டிஃபரன்ஸைத் (கணக்குக்கும் வரிக்கும் இடையே வரும் தற்காலிக வித்தியாசத்தை) திருப்பிப் போட்டேன் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அடுத்து, உட்காரும் பிரச்சினை. முழு நாள் வேலை முடித்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு "இன்று என்ன படிக்கலாம்" என்று யோசிக்க ஆரம்பிப்பதிலேயே பாதி உயிர் போய்விடும், அந்த யோசனையிலேயே போன் கைக்கு வந்துவிடும். கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதியது இதைப் பற்றித்தான்: "நிறையப் படிப்பேன்" என்கிற முடிவைவிட "இன்ன நேரம், இன்ன இடம் வந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைத்த முடிவு அதிகம் நடக்கிறது. அவள் போட்ட கட்டு இது: காலை 6:10, முந்தின ராத்திரியே பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்த ஒரு கேள்வி, அதன் மேல் கால்குலேட்டர், போன் அடுத்த அறையில். ஒரு கேள்விதான். முடிந்தால் எழுந்து போகலாம். முதல் வாரம் ஆறு கேள்வி, மார்க் எல்லாம் படுமோசம், 20-க்கு 4, 15-க்கு 3 என்று வந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் குட்வில் கணக்கு வேறு எண்களோடு வந்தபோது சரியாகப் போட்டுவிட்டு காலை ஏழு மணிக்கு எனக்குப் போட்டோ அனுப்பினாள். யாரும் கேட்காமல் அவளாக அனுப்பியது அதுதான் முதல்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

நன்றாகப் போகிறதே, இன்னும் வேகம் கூட்டலாம் என்று, அதே தாளை எழுதப்போகும் நான்கு பேரோடு ஒரு குழு சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு டெஸ்ட், எல்லோருடைய மார்க்கும் குழுவில். முதல் ஞாயிறு அவள்தான் கடைசி. இரண்டாவது ஞாயிறும். அப்புறம் ஒன்பது நாள் நோட்டில் எதுவும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பத்தாவது நாள் அவளே வந்து, "அக்கா, என்னோட நேத்தைய மார்க்கை நான் தாண்டிட்டேனான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், நீங்க மத்தவங்க மார்க்கைக் காட்டிட்டீங்க" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? குழுவிலிருந்து விலகினாள். போட்டி சிலரை ஓட வைக்கும், உண்மைதான், ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தவரை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஒன்பது நாள் போனதில் ஒரு நல்லதும் நடந்தது. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு என்று அட்டவணையைத் திருத்துவாள், அது முடியாது, மூன்றாம் நாள் மூன்று மடங்கு, நாலாம் நாள் அட்டவணையே கிழிந்துவிடும். மனிதர்கள் எல்லோருமே தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். இந்த முறை அவளிடம் விட்ட பாக்கியைக் கேட்கவே இல்லை. போன ஒன்பது நாள் போனதுதான், நாளைக்கு ஒரு கேள்வி. ஆண்டு முடிவு ஆடிட் நெருங்கி, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பிய மூன்று வாரங்களிலும் அந்த ஒன்று மட்டும் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டாள், சில நாள் 5 மார்க் கேள்வியாகக்கூட இருந்தது.

அந்த 18,000

தேர்வுக்கு ஐந்து வாரம் முன் முதல் முழு மாதிரித் தேர்வு. மூன்று மணி நேரம், 100 மார்க். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கேள்வி 20 மார்க். 180 நிமிடத்தை 100-ஆல் வகுத்தால் மார்க்குக்கு 1.8 நிமிடம், ஆக அந்தக் கேள்விக்கு 36 நிமிடம். அவள் 40-ஆவது நிமிடத்தில் பேலன்ஸ் ஷீட்டைக் கூட்டிப் பார்த்தாள், 18,000 உதைத்தது. தேட ஆரம்பித்தாள். 50-ஆவது நிமிடம், 60, 70. காது மடல் சிவந்துவிட்டது. கால்குலேட்டரை அழுத்தும் சத்தம் மாறிப்போனது. கடைசியில் 18,000 கிடைக்கவும் இல்லை, கடைசிக் கேள்வியைத் தொடவும் இல்லை. மொத்தம் 44.

ஏன் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவில்லை என்று கேட்டேன். "டேலி ஆகாம எப்படிக்கா விடுறது?" என்றாள். கேள்வியே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், பகலெல்லாம் ஒரு சின்ன வித்தியாசத்தைக்கூட விடாமல் துரத்துவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆபீஸில் அவளுடைய நல்ல பெயரே அதுதான். அதே குணம் பரீட்சை ஹாலில் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. இப்படி எழுதிப் போடும் கணக்குகளில் தப்பு செய்த அந்த ஓர் இடத்தில்தான் மார்க் பறிபோகும், அந்தத் தப்பான எண்ணை வைத்து அடுத்த படிகளைச் சரியாகச் செய்திருந்தால் அதற்குப் பொதுவாக மார்க் உண்டு. டேலி ஆகாத பேலன்ஸ் ஷீட்டோடு பாஸ் ஆனவர்கள் ஏராளம், நானும் அதில் ஒருத்தி. இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்தது நிம்மதியா அதிர்ச்சியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அன்று மாலையே அந்தத் தேர்வு அமைப்பு வெளியிடும் தேர்வாளர் அறிக்கையை (மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று தேர்வு நடத்துகிறவர்கள் எழுதும் குறிப்பை) இருவரும் படித்தோம். இரண்டு முறை தேர்வு எழுதியவள், அது இருப்பது தெரிந்தும் ஒரு முறைகூடத் திறந்ததில்லை. திறந்தால் தன்னைத் திட்டியிருப்பார்கள் என்ற பயம். கேள்வியில் வரும் கம்பெனியோடு பொருத்தாமல் கணக்கியல் ஸ்டாண்டர்டை அப்படியே ஒப்பிக்கிறார்கள், நேரத்தைப் பங்கிடத் தெரியவில்லை, என்று அதில் இருந்தது. "என்னைப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம், "அப்படின்னா நிறையப் பேர் இப்படித்தான் பண்றாங்க போல" என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். தலையில் ஏறாது என்ற முடிவு அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை.

மீதி ஐந்து வாரம் சொல்ல ஒன்றும் இல்லை. 36 நிமிடம் ஆனதும் அலாரம் அடிக்கும், பேனாவை எடுத்து அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். முதல் பத்து நாள் அலாரம் அடிக்கும்போதெல்லாம் எரிச்சல். அப்புறம் பழகிவிட்டது.

முடிவும் அதன் மேல் சில சந்தேகங்களும்

மூன்றாவது முறை 56. நோட்டில் மொத்தம் 124 கேள்விகள். மணி நேரம் எழுதவில்லை, ஆனால் என் கணக்கில் 430-இல் பாதிகூட இருக்காது.

இதைப் பார்த்துவிட்டு பாதி நேரம் படித்தால் பாஸ் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். முந்தின 430 மணி நேரம் வீணாகப் போனது என்று நான் நம்பவில்லை. பாடம் உள்ளே கிடந்தது, வெளியே எடுக்கும் பழக்கம்தான் இல்லை, அந்த அடித்தளம் இல்லாமல் 124 கேள்வி போட்டிருந்தாலும் 56 வந்திருக்குமா என்பது சந்தேகம். சிலபஸை மூன்றாவது முறை பார்க்கிறாள் என்பதும் ஒரு காரணம். தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் லீவு கிடைத்ததும் ஒரு காரணம், இரண்டாவது முறை அவளுக்கு நாலு நாள்தான் கிடைத்தது. ஒரே ஒரு ஆளை வைத்து இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொன்னால் அது ஆடிட்டருக்கு அழகில்லை.

நான் உறுதியாகப் பார்த்தது ஒன்றுதான். அந்த மூன்று மாதத்தில் அவள் படிக்கத் தோன்றிப் படித்த நாட்கள் குறைவு. பெரும்பாலான நாள் தூக்கக் கலக்கத்தோடு, வேண்டாவெறுப்பாகத்தான் 6:10-க்கு உட்கார்ந்தாள். கணக்கு பாதி நகர்ந்த பிறகுதான் முகம் மாறும். அதுவும் தினமும் மாறவில்லை.

இப்போது டாக்ஸ் தாள். ஆரம்பித்த முதல் வாரம் மறுபடியும் நீல நோட்டைத் திறந்து மணி நேரம் எழுத ஆரம்பித்துவிட்டாள், புதுப் பாடம், கணக்கு போட பயம், படித்துக்கொண்டே இருந்தால் நிம்மதி. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு போட்டோ வந்தது. புது நோட்டின் முதல் பக்கம், நாலு பத்தி, ஒரே ஒரு வரி: 12-க்கு 0, கேள்வியையே சரியாப் படிக்கலை.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலைல. பிரிண்ட் எடுத்து வச்சாச்சுக்கா."